பவுடர் டப்பாவும் நம்ம வீட்டுக் கடலையும்

(இந்த மாத நலக்கல்விப் பாடம்)



கொஞ்ச நாளாகவே புளியங்குடி, சிந்தாமணி, வாசுதேவநல்லூர் பக்கம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், சேமிப்பு வசூல், கடன் பாக்கி எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "மேடம், பையன் ஜிம்முக்குப் போறான். எக்சர்சைஸ் முடிச்ச உடனே புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடிச்சாத்தான் உடம்பு ஏறுமாம். டப்பா மூவாயிரம் ரூபா சொல்றாங்க. வாங்கிக் கொடுக்கலாமா?" சிலர் இதற்காகவே உள்கடன் கேட்கிறார்கள். தீர்மான நோட்டில் "குடும்பச் செலவு" என்று எழுதிவிட்டால் எதற்காக வாங்கிய கடன் என்பது வெளியே தெரியாது. ஆனால் நமக்குள் தெரியும்தானே!

அதனால் இந்த மாதம் புரதத்தைப் பற்றிப் பேசுவோம். பையன்களுக்கு மட்டும் இல்லை. கேட்கிற அக்காமார் எல்லோரும் பையனுக்காகத்தான் கேட்கிறார்கள். "எனக்கு வேணுமா?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. உண்மையில் நம்ம வட்டாரத்தில் தினமும் பாரம் தூக்குகிறது யார்? எலுமிச்சை மூட்டையைச் சுமக்கிறவர், புல்லுக்கட்டைத் தலையில் வைத்து வருகிறவர், கட்டட வேலையில் சாந்துச் சட்டியோடு மாடி ஏறுகிறவர், ரெண்டு குடம் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் வைத்து வருகிறவர். ஜிம்மில் பையன் ஒரு மணி நேரம் செய்வதை நாம் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை செய்கிறோம். அவனுக்கு இருக்கிற ட்ரெயினர் நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

சதை எப்படி வளருகிறது?

நம் உடம்பில் உள்ள தசையை வீட்டுச் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்கும்போது தசை நாரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரிசல் விழுகிறது. மறுநாள் கை கால் வலிக்கிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. நாம் ஓய்வெடுக்கும்போது, தூங்கும்போது, உடம்பு அந்த விரிசலைப் பூசி முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கட்டுகிறது. பூசுவதற்குக் கல்லும் சிமெண்டும் வேண்டும் அல்லவா? அதுதான் புரதம். சோறு உடம்புக்கு விறகு மாதிரி, எரிந்து சக்தி கொடுக்கும். புரதம்தான் கட்டுமானச் சாமான்.

வேலையும் இருந்து புரதமும் இருந்தால் தசை வளரும். புரதம் இருந்து வேலை இல்லாவிட்டால் தசை வளராது. பவுடரைக் குடித்துவிட்டு செல்போனோடு படுத்துக் கிடந்தால் தொந்திதான் வரும். நம் நிலைமை மூன்றாவது ரகம். வேலை நிறைய இருக்கிறது, சாமான் வரவில்லை. அப்போது உடம்பு இருக்கிற சுவரிலிருந்தே கல்லைப் பெயர்த்து எடுத்துச் சமாளிக்கும். "முன்ன மாதிரி தூக்க முடியல, கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல" என்று நாற்பது வயதிலேயே சொல்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. முப்பது வயது தாண்டினால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்று மருத்துவம் சொல்கிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறையும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து தேயும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிமார்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். விழாமல் தாங்கிப் பிடிக்கிறது தொடைச் சதைதான்.

பீடி சுற்றுகிற சகோதரிகள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முறத்தை மடியில் வைத்து எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் விரலுக்கும் கழுத்துக்கும்தான் வேலை. காலுக்கு வேலையே இல்லை. கால் சதை இளைத்துக்கொண்டே போகும். நாளெல்லாம் உழைத்த அலுப்பு இருக்கும், ஆனால் உடம்பில் பலம் சேர்ந்திருக்காது.

நமக்கு எவ்வளவு வேணும்?

ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இப்போது ஹைதராபாத்தில் உள்ளது. ஆனால் 1918-ல் ஆரம்பித்தது நம்ம குன்னூரில்தான். 1958-ல்தான் ஹைதராபாத் போனது. அவர்கள் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 42 கிராம் வரும். கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்தில் இதோடு 9.5 கிராம், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் 17 கிராம் கூடுதல்.

இப்போது நம் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்போமா? நான் கூட்டங்களில் கேட்டு எழுதிக்கொண்ட வழக்கமான ஒரு நாள் இது. காலையில் கடுங்காப்பி, ரெண்டு பிஸ்கட். புரதம் ஒரு கிராம் தேறும். பத்து மணிக்குப் பழைய சோறும் வத்தலும். ஒருவேளைச் சோற்றுக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால் 10 கிராம் புரதம். மதியம் அதே அளவு சோறு, புளிக்குழம்பு. இன்னொரு 10, கூடப் போனால் 11. ராத்திரி மூணு இட்லி, தேங்காய்ச் சட்னி. அது ஒரு 7. ஆகக் கூட்டினால் முப்பதுக்குள்தான் நிற்கிறது. வேண்டியது 42. தினமும் 12 கிராம் குறைகிறது. அதிலும் அரிசிப் புரதத்தில் லைசின் என்ற ஒரு சத்து குறைவு. அதனால் அந்த முப்பதும் முழுசாகப் பயன்படுவதில்லை. பருப்பில் லைசின் நிறைய உண்டு, அரிசியில் இருக்கிற வேறொரு சத்து பருப்பில் குறைவு. ரெண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும். அரிசியும் உளுந்தும் சேர்த்து மாவாட்டினவர்கள் யாரோ, விவரமானவர்கள்தான்!

"நாங்க தினம் பருப்பு போட்டுத்தான் சாம்பார் வைக்கோம்" என்று சொல்வீர்கள். ரேஷனில் 30 ரூபாய்க்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு கிடைக்கிறது. அதில் மொத்தம் 220 கிராம் புரதம் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் முப்பது நாளைக்குப் பிரித்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கிராம்கூட வராது. அதிலும் கடைசியில் சாப்பிடுகிறவருக்குக் குழம்புச் சட்டியில் மிஞ்சுவது தண்ணீர் மட்டும்தான்.

சரி, அந்த 12 கிராமை எப்படி நிரப்புவது? ஒரு முட்டை, 6 கிராம். ஒரு பிடி நிலக்கடலை, சுமார் 30 கிராம் எடை, அதில் 7 கிராம். முடிந்தது கணக்கு. முட்டை ஏழு ரூபாய், கடலை ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு ரூபாய்.

கணக்கு எளிதுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் நாலு முட்டை அவித்தால் அது யார் தட்டுக்குப் போகிறது? அவுகளுக்கு ஒன்று, பெரியவனுக்கு ரெண்டு, சின்னவளுக்கு ஒன்று. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவர்களுக்கு, தலையும் வாலும் நமக்கு. நம்ம திருநெல்வேலிச் சீமையில் பெண்பிள்ளை பெரிய மனுஷி ஆனால் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கொடுக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கிறோம். 100 கிராம் உளுந்தில் 24 கிராம் புரதம். அந்த நேரத்தில் இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் இருபது, முப்பது வருடம் அதே இடுப்பில் குடம் ஏறுகிறது. யாராவது அவளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்களா? அவளே கிண்டினாலும் "எதுக்கு இப்ப?" என்று கேள்வி வரும்.

அந்த டப்பாவில் அப்படி என்ன இருக்கு?

எலுமிச்சம்பழம் பிழிந்து பாலைத் திரித்தால் கட்டி ஒரு பக்கமும், தெளிந்த நீர் ஒரு பக்கமும் பிரியும். அந்தத் தெளிந்த நீருக்கு இங்கிலீஷில் வே என்று பெயர். பாலாடைக்கட்டி செய்கிற பெரிய தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற இந்த நீரில் உள்ள புரதத்தைப் பிரித்து, காயவைத்துப் பொடியாக்கினால் அதுதான் வே புரோட்டீன். அதனோடு சாக்லேட் வாசனை, இனிப்பு, நிறம் எல்லாம் சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள். ஒரு கரண்டி சுமார் 30 கிராம். அதில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும் என்று போட்டிருப்பார்கள். சோயாவில் செய்ததும் உண்டு.

நல்ல பவுடர் விஷம் கிடையாது. பாலிலிருந்து வருகிற நல்ல புரதம்தான், சீக்கிரம் செரிக்கும். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதில் மந்திரமும் கிடையாது. முட்டையில், பாலில், மீனில் இருக்கிற அதே புரதம்தான் அதிலும் இருக்கிறது.

விலையைப் பாருங்கள். மூவாயிரம் ரூபாய் டப்பா ஒரு கிலோ. தினம் ஒரு கரண்டி என்றால் 33 நாள் வரும். ஒரு கரண்டி 90 ரூபாய். அதே 24 கிராம் புரதம் நாலு முட்டையில் 28 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 100 கிராம் சிறுபயறைச் சுண்டல் போட்டால் 24 கிராம். 50 கிராம் மீல் மேக்கரில் 25 கிராம், அது பத்து ரூபாய் வாக்கில்தான். பயறு, சோயாவில் உள்ள புரதம் முட்டை அளவுக்கு முழுசாக உடம்பில் சேராது என்பது உண்மைதான். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும். அப்போதும் விலையில் பக்கத்தில் வராது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழுவில் மூவாயிரம் கடன் வாங்கி மாதம் முந்நூறு வீதம் கட்டினால் பத்து மாதம் ஆகும், வட்டி தனி. டப்பா 33 நாளில் காலி. அடுத்த டப்பாவுக்கு எங்கே போவது?

அந்த டப்பாவுக்குள் இருப்பது லேபிளில் போட்டிருப்பதுதானா என்பது அடுத்த கேள்வி. 2024-ல் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. கேரள மருத்துவர் ஒருவர் தலைமையில் ஒரு குழு, இந்தியாவில் விற்கிற 36 வகைப் புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்தது. ஏறக்குறைய 70 சதவீதப் பவுடர்களில் லேபிளில் போட்ட புரத அளவு ஒன்று, உள்ளே இருந்தது வேறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும், பூச்சிமருந்து மிச்சமும் இருந்தன. அதே ஆண்டு மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர்களை எடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரையும் செயற்கை இனிப்பும் வாசனையும் சேர்ந்திருக்கலாம் என்பது ஒரு காரணம். தொடர்ந்து எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்குக்கூடக் கூடுதல் புரதத்தால் கிடைக்கிற லாபம் சின்ன அளவுதான், கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பயன் இல்லை என்பது இன்னொன்று.

பிள்ளைகளுக்கு வாங்குகிற மால்ட் பொடிகளையும் இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் புரதம் குறைவு, சர்க்கரை அதிகம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது என்பதால், அந்தத் தலைப்பில் அவற்றை வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைக் கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது.

அரை மணி நேரத்துக்குள் குடிக்கணுமா?

பையன்கள் அவசரப்படுவது இதற்குத்தான். "எக்சர்சைஸ் முடிச்சு அரை மணி நேரத்துல குடிக்கலேன்னா வேஸ்ட்" என்று ஜிம்மில் சொல்லி அனுப்புகிறார்கள். அப்படி ஒன்றும் கதவு சாத்திவிடாது. பாரம் தூக்கிய பிறகு ஒரு நாள் வரைக்கும்கூட உடம்பு தசையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம் போனது என்பதுதான் முக்கியம். அடுத்தபடியாக, அதை மூணு வேளைக்கும் பிரித்துச் சாப்பிட்டோமா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக் கிலோ கறி எடுத்து, மீதி ஆறு நாளும் புளிக்குழம்பு என்றால் உடம்பு ஞாயிற்றுக்கிழமைப் புரதத்தைச் சேமித்து வைத்து வியாழக்கிழமை எடுத்துக்கொள்ளாது. அதற்கு நம் குழு மாதிரி சேமிப்புக் கணக்கு கிடையாது!

அதற்காக வேலை முடிந்து வந்து பட்டினியாகவும் கிடக்க வேண்டாம். வந்ததும் ஒரு டீயை மட்டும் குடித்துவிட்டு ராத்திரிச் சமையலில் இறங்குகிறோம். அந்த டீ நேரத்தில்தான் இந்தக் கஞ்சியைக் குடிக்கச் சொல்கிறேன். செலவு பத்து, பதினைந்து ரூபாய்.

பொரிகடலையை லேசாகச் சூடுகாட்டிப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த நிலக்கடலையையும் தோல் நீக்கித் தனியாகக் கொரகொரவென்று பொடிக்கவும். ஒரு ஆளுக்குப் பொரிகடலை மாவு மூணு மேசைக்கரண்டி குவித்து (30 கிராம்), கடலைப்பொடி ரெண்டு மேசைக்கரண்டி (20 கிராம்). கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சின பால் ஒரு டம்ளர் (150 மில்லி) ஊற்றி, கருப்பட்டி சிறு துண்டு போடுங்கள். பொரிகடலையில் ஆறரை, நிலக்கடலையில் 5, பாலில் 5. ஆக 16 கிராமுக்கு மேல் புரதம். பால் வாங்க முடியாதவர்கள் கெட்டி மோரில் உப்புப் போட்டுக் கரைக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியும் போட வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பையன் வேண்டுமானால் இதோடு வாழைப்பழம் அடித்து ஷேக் என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. கடலையில் சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது, கசப்பது எதுவாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். மேலே சொன்ன பூஞ்சை நஞ்சு அதில்தான் வரும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. வீட்டில் செய்தது என்பதற்காக எல்லாம் சுத்தமாகிவிடாது. மாவை ஈரமில்லாத பாத்திரத்தில், பத்து நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்து வையுங்கள். சத்துமாவு தயாரித்து விற்கிற குழுக்களும் இதைக் கறாராகப் பார்க்க வேண்டும். விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். பாக்கெட்டில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்றெல்லாம் அச்சடித்துவிடாதீர்கள். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவும் நம்மைப் போன்ற பெண்கள் நடத்துகிற மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில் தயாராவதுதான். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்தது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ஆட்டுக்குட்டிக்கு வைக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

வேறு என்னென்ன? காணத் துவையல் வாரம் ரெண்டு நாள். தட்டப்பயறு போட்ட புளிக்குழம்பு. சாளை மீன் மலிவாக வரும் நாளில் சாளை. கருவாட்டிலும் நிறைய உண்டு, ஆனால் உப்பும் நிறைய, பிரஷர் உள்ளவர்கள் தொட வேண்டாம். முருங்கைக் கீரைப் பொரியலில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் பிள்ளைகளும் சாப்பிடும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. ரத்தம் இல்லாத உடம்பில் புரதம் மட்டும் போய் என்ன செய்யும்? எலுமிச்சைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நாம் அதைச் சந்தைக்கு மட்டும்தான் அனுப்புகிறோம். பருப்பு, கீரை சாப்பிடும்போது அரை மூடி பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்புச் சத்து நன்றாகச் சேரும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பல வருடமாகச் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துக்கொள்வது நல்லது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற சுகாதாரத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் நம் குழு உறுப்பினர்கள்தான். அவர்களிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். மற்றபடி நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒரு முட்டை, ஒரு பிடி கடலையால் கிட்னி கெட்டுவிடாது.

பையனிடம் எப்படிப் பேசுவது?

திட்டாதீர்கள். முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். மாலையில் ஜிம்முக்குப் போகிற பையன், மாலையில் வேறு கடைக்குப் போகிற பையனைவிட எவ்வளவோ மேல். உடம்பை வளர்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. தினம் ரெண்டு முட்டை, ஒரு சுண்டல், ராத்திரி ஒரு டம்ளர் பால் கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள். 60 கிலோ பையன் கடுமையாக எடை தூக்கினாலும் ஒரு நாளைக்கு 96 கிராமுக்கு மேல் புரதம் வேண்டியதில்லை. சோறு, இட்லியிலேயே 40 வந்துவிடும். மிச்சத்தை முட்டை, பால், பயறு, மீல் மேக்கர், வாரத்தில் சில நாள் மீன், கோழி வைத்துச் சமாளிக்கலாம்.

அப்படியும் அவன் சொந்தச் சம்பளத்தில் வாங்குகிறான் என்றால் லேபிளைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் 14 இலக்க எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரித்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். டப்பாவைப் பிரித்துக் கவரில் போட்டு "லூஸ்ல தர்றேன்" என்றால் வேண்டவே வேண்டாம். பவுடரை விற்கிறவரே யோசனையும் சொல்கிறார் என்றால் அந்த யோசனையில் கமிஷன் இருக்கலாம், யோசிக்க வேண்டும்.

ஊசி, மாத்திரை என்று பேச்சு வந்தால் மட்டும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். ரெண்டே மாதத்தில் உடம்பு ஏறும் என்று போடுகிற ஊசிகளில் ஸ்டீராய்டு ஹார்மோன் இருக்கும். இருதயம், கல்லீரல் கெடும், பிள்ளைப்பேறும் பாதிக்கும். பவுடர் வீண் செலவு, அவ்வளவுதான். ஊசி உயிருக்கு ஆபத்து. ரெண்டையும் ஒன்றாகப் பேசித் திட்டினால், பையன் ரெண்டையுமே நம்மிடம் மறைத்துவிடுவான்.

நமக்கும் ஒரு பயிற்சி

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளி வாங்கிய மீராபாய் சானு மணிப்பூரில் ஒரு கிராமத்துப் பெண். 49 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கினார். சின்ன வயதில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டை இவர் தூக்கிவந்ததைப் பார்த்துத்தான் இவருடைய பலம் வீட்டுக்குத் தெரிந்தது என்று சொல்வார்கள். விறகுக்கட்டு நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாரம் தூக்கிப் பிழைப்பதும் பயிற்சியும் ஒன்று அல்ல. பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள், ஓய்வு கொடுப்பார்கள், சாப்பாடு கொடுப்பார்கள். நமக்கு மூணுமே கிடைப்பதில்லை, ஒரே இடுப்பு, ஒரே தோள்பட்டை தினமும் தேய்கிறது.

வாரத்தில் ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஜிம் வேண்டாம். ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும், மறுபடி மெதுவாக உட்கார வேண்டும். பத்து தடவை. ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி பத்து. சுவரில் ரெண்டு கையையும் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளுவது பத்து தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது பத்து தடவை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். பீடி சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து அஞ்சு தடவை இந்த உட்கார்ந்து எழுவதைச் செய்யலாம். மூட்டில் சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட்டு, மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பிசியோதெரபி சகோதரியிடம் காட்டுங்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குழுவாகச் செய்தால் கூச்சமும் இருக்காது, சிரிப்புக்கும் குறை இருக்காது.

ஊக்குநர், பிரதிநிதிகள் கவனத்துக்கு: வருகிற கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும் பதினைந்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். யார் வீட்டிலாவது காலி டப்பா இருந்தால் கொண்டுவரச் சொல்லி, படிக்கத் தெரிந்த உறுப்பினர் லேபிளைச் சத்தமாக வாசிக்கட்டும். அதில் புரதம் எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம் என்று கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு உறுப்பினரும் போன வாரம் தன் வீட்டில் எத்தனை முட்டை வாங்கினார்கள், அதில் தான் சாப்பிட்டது எத்தனை என்று சொல்ல வேண்டும். ரெண்டு எண்ணையும் நோட்டில் பெயருக்கு நேரே எழுதி வையுங்கள். மூணு மாதம் கழித்து நான் வரும்போது அந்த நோட்டைக் கேட்பேன்.